ஏறுகிற வண்டி

செலினாவின் ஆல்டோவில் ஐந்து பேர் ஏறலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஜனங்கள் யாரும் அந்தப் புத்தகத்தை வாசித்ததில்லை. காலை ஆறரைக்கு நிவித்திகலைக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேர், அவர்களுடைய பைகள், யாராவது ஒருத்தரின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வழிந்த பருப்பு. அதுகளை இறக்கிவிட்டு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற சுப்பம்மாக் கிழவி. முன் சீட்டில்தான் உட்காருவாள். பின்னால் உட்கார்ந்தால் நோயாளி மாதிரி இருக்குமாம். பகலில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒரு தடவை ஆட்டுக் கிடா. கிடா ஒழுங்காகத்தான் வந்தது. கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்த மனுசன்தான் வழியெல்லாம் வாந்தி எடுத்தான்.

ஐம்பத்தொரு வயது செலினாவுக்கு. புருசன் ரெஜினோல்ட் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். மாதம் ஒருமுறை வந்தால் காரைக் கழுவி, துடைத்து, பளபள என்று வைப்பான். ஓட்டமாட்டான். "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்டி, ரெண்டானா சண்டை" என்பான்.

அந்தக் குடும்பத்துக்கு இது இரண்டாவது கார். முதலாவது, செலினாவின் அப்பா அருமைநாயகம் வாங்கிய மொரிஸ் மைனர். பழைய ஸ்ரீ நம்பர் பிளேட். அதற்கு முன்னால் ஒரு கறுப்பு ஒஸ்டின் இருந்தது. ஆனால் அதைக் குடும்பக் கார் என்று சொல்ல வாய் வராது. அது துரையின், அதாவது தோட்டத்து மேனேஜரின், பங்களாவுடையது. அப்பா அதை முப்பத்தொரு வருசம் ஓட்டினார். சனிக்கிழமைகளில் அதன் உள்பக்கம் துடைக்கச் செலினாவைக் கூட்டிப் போவார். சின்னப் பிள்ளை, கீழே முழங்கால் போட்டுக்கொண்டு சீட்டைத் துடைக்கும். துடைக்கலாம், உட்காரக் கூடாது. ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. அந்தச் சீட்டுத் தோலின் வாசம் மட்டும் இன்றைக்கும் அவள் மூக்கில் இருக்கிறது.

அந்தத் தோட்டத்துப் பாதை ஒற்றைப் பாதை. கீழ்ப்பிரிவிலிருந்து மேலே ஏறி, கோயில்மேட்டில் அந்தோனியார் கோயிலைக் கடந்து, கேட்டுக்குப் போய், அங்கிருந்து பெரிய ரோட்டுக்கு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற ஆழமான கான். இரண்டு வண்டி முட்டிக்கொண்டால் ஒன்று பின்னுக்குப் போய் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். யார் போவது? துரையின் வண்டி வந்தால் மற்றவன் போகவேண்டும். எழுதிவைத்த சட்டமில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படி. அரசாங்கம் மாறி, கம்பனி மாறி, ஒஸ்டின் போய் டபுள் கெப் வந்தும் அப்படியே. செலினாவும் இருபது வருசமாக அந்தப் பாதையில் எல்லாருக்கும் பின்னுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

எட்டு மாசத்துக்கு முன் வந்த புதிய துரை இன்னும் ஒன்று சேர்த்தார். கேட்டில் சங்கிலி போட்டார். லயத்து ஆட்களின் வண்டி தோட்டத்துக்குள் ஓட ஆபீஸ் பாஸ் வேண்டும். ஏதாவது ஒரு முறைப்பாடு வந்தாலும் பாஸ் ரத்து, வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திக்கொள்ள வேண்டியது. வெளியே என்றால் மூன்று மைல். ஆறு பிள்ளைகளும் சுப்பம்மாக் கிழவியும் மூன்று மைல் நடந்து வந்து காரில் ஏறுவார்களா? பாஸ் போனால் செலினாவின் பிழைப்பும் போச்சு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தச் சனிக்கிழமை அப்படிச் செய்தாள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் சுகந்தியின் மகள் சரோனுக்குக் கல்யாணம். ஆல்டோவுக்கு ரிப்பன் கட்டி, முன்னால் ரோஸ் பூ வைத்து, பொண்ணையும் தாயையும் பின்னால் ஏற்றிக்கொண்டு செலினா ஒன்பதரைக்குக் கிளம்பினாள். பூசை பத்துக்கு. பாதருக்குப் பதினொன்றரைக்கு அடுத்த தோட்டத்தில் இன்னொரு பூசை.

பாதி ஏற்றத்தில், பாறை வளைவில், துரையின் கெப் இறங்கி வந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன. டிரைவர் கஜேந்திரன் ஹோர்னை இரண்டு தடவை அமுக்கினான்.

செலினாவின் கை, பழக்கத்தில், ரிவர்ஸ் கியருக்குப் போனது. பின்னாலிருந்து சுகந்தி அலறினாள்.

"அடியேய்! பின்னுக்கு எடுத்திராதடி! பொண்ணு ஏறின வண்டி பின்னுக்குப் போகலாமா?"

அது வேதப் புத்தகத்தில் இல்லை. ஆனால் லயத்தில் உண்டு. கோயிலுக்குக் கிளம்பின கல்யாண வண்டி ஓர் அடிகூடப் பின்னுக்குப் போகக் கூடாது.

"செலினாம்மா, நான் வேணும்னா எறங்கி நடந்து போறேனே" என்றாள் சரோன்.

"நீ சும்மா இரு. வேர்த்தா பவுடர் கரைஞ்சு மாப்பிள்ள பயந்துருவான்" என்றாள் தாய்.

செலினா கண்ணாடியில் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒதுங்க இடம் வேண்டுமென்றால் இருநூறு கஜம் இறங்க வேண்டும், இரண்டு வளைவு. கெப்புக்குப் பின்னாலோ, இரண்டு கார் நீளத்தில், அழகாக ஓர் ஒதுங்குமிடம். அவள் கையைக் கியரிலிருந்து எடுத்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். எஞ்சினை நிறுத்தினாள்.

கஜேந்திரன் தலையை வெளியே நீட்டினான். "அக்கா, தொர இருக்காரு. கொஞ்சம் பின்னுக்கு எடுங்களேன்."

"தொர இருக்கிறது தெரியுதுப்பா. ஒனக்குப் பின்னாடி எடம் இருக்கிறது தெரியலயா?"

துரை இறங்கி வந்தார். சிங்களத்தில், சத்தம் போடாமல், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "இது யார் பாதை என்று தெரியுமா?"

அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். "தோட்டத்துப் பாதை, மஹத்தயா. நான் ஏறுறேன், நீங்க எறங்குறீங்க. ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும்னு லைசன்ஸ் எடுக்கிறப்போ எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஒங்க டிரைவருக்குச் சொல்லலயோ என்னமோ."

"உன்னுடைய பாஸில் கையெழுத்துப் போட்டது யார்?"

"நீங்கதான். அழகான கையெழுத்து."

மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு வரிசையாக நின்று பார்த்தார்கள். கங்காணி கத்தினான், ஒருத்தியும் திரும்பவில்லை. அந்த வரிசையிலிருந்து லயத்து ஜீவராணியின் குரல் வந்தது.

"செலினாக்கா! ஹேண்ட்பிரேக்க நல்லா இழுத்தியா?"

"புடுங்கிக் கையில வச்சிருக்கேன்டி!"

மலையே சிரித்தது. துரையின் காது சிவந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், பொண்ணைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். கெப்பில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தி, "பின்னுக்கு எடு" என்றார் கஜேந்திரனிடம்.

கெப் பின்னுக்குப் போனது, நேராகக் கானைப் பார்த்து. நிறுத்தினான். முன்னுக்கு வந்தான். மறுபடி போனான், பாறையைப் பார்த்து. மூன்றாம் தடவை பின் டயர் கான் விளிம்பில் நின்று மண்ணைச் சரித்தது. கஜேந்திரனின் முகம் வேர்த்து ஊற்றியது. ஸ்டியரிங்கை அவன் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் செலினாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கேயோ பார்த்த பிடி அது. ஐயோ, அப்பா!

அப்பாவும் அப்படித்தான். முப்பத்தொரு வருசம் துரை கார் ஓட்டினவருக்குப் பின்னுக்கு ஓட்டத் தெரியாது. எப்படித் தெரியும்? பாதையில் மற்றவன் ஒதுங்கினான். பங்களா வாசல் வட்டமாகச் சுற்றி வரும். பெக்டரி முற்றமும் அப்படியே. காரேஜ்கூட இரண்டு பக்கமும் திறந்த கொட்டகை. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறலாம். ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறதென்று ஒஸ்டினுக்கே மறந்துபோயிருக்கும்.

வேலையை விட்டபின் மொரிஸை வாங்கினார். முதல் ஞாயிறு பூசைக்குக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போனார். எதிரே மருந்து வேன் வந்தது. இனி அவர் துரை டிரைவர் இல்லையே, அவர்தான் பின்னுக்குப் போகவேண்டும். போனார். கானுக்குள் போனார். லயத்து ஆட்கள் வந்து, பொண்டாட்டி பிள்ளைகளோடு காரைத் தூக்கி மேலே வைத்தார்கள். "வீல் கோணல்" என்றார் அப்பா. அடுத்த ஞாயிறும் வீல் கோணல். மூன்றாம் ஞாயிறு பதினான்கு வயதுச் செலினா, "எறங்குங்கப்பா, நான் பாக்கிறேன்" என்று ஏறினாள். அதற்குப் பிறகு அந்தக் காருக்கு இரண்டு டிரைவர். முன்னுக்கு அப்பா, பின்னுக்கு மகள். நடுப் பாதையில் இறங்கி இடம் மாறுவார்கள். அவள் பின்னுக்கு ஓட்டும்போது அப்பா விறைப்பாக முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பார், பின்னுக்குப் போவது தனக்குச் சம்பந்தமில்லாத விசயம் மாதிரி.

செலினா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். கெப்பின் கதவைத் திறந்தாள்.

"தம்பி, எறங்கு."

"அக்கா..."

"எறங்குடா. கான்ல போட்டா ஒன்னத்தான் வேலைய விட்டு நிப்பாட்டுவாங்க."

அவன் இறங்கினான். துரையும் இறங்கியிருக்கலாம். ஆனால் அவர் பக்கம் கான், கானில் முழங்கால் அளவுக்குச் சேறு, மேலே நாற்பது பெண்கள். அவர் இறங்கவில்லை. செலினா ஏறி உட்கார்ந்தாள். நல்ல மெத்தென்ற சீட்டு. சாய்ந்தே உட்கார்ந்தாள். முழங்கையை ஜன்னலில் வைத்து, தலையைத் திருப்பி, ஒரே இழுவையில் கெப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய் ஒதுங்குமிடத்தில் பாய் விரித்த மாதிரி நிறுத்தினாள்.

"வண்டி நல்ல வண்டி, மஹத்தயா" என்றாள் சாவியைத் திருப்பியபடி. "டிரைவருக்கு ரெண்டு நாளைக்குப் பின்னுக்கு ஓட்டக் குடுங்க. பழகிக்குவான்."

துரை முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சரோன் பத்துக்கு ஐந்து நிமிசம் இருக்கக் கோயில் வாசலில் இறங்கினாள், பவுடர் கரையாமல்.

ஞாயிறு முழுக்க லயம் சிரித்தது. திங்கட்கிழமை கடிதம் வந்தது. செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும்; இல்லையென்றால் பாஸ் ரத்து, வண்டியைத் தோட்டத்துக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

சுகந்தி ஓடி வந்தாள். "எங்களால வந்த வினை. ரெண்டு வரி எழுதிக் குடுத்திருடி. எழுத்துதானே, கை தேஞ்சா போயிரும்?"

"எழுதத்தான் போறேன்" என்றாள் செலினா.

பிள்ளைகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, கிளார்க் மொழிபெயர்த்துக் குழப்பக் கூடாதென்று சிங்களத்திலேயே எழுதினாள். 'சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நான் ஏறிக்கொண்டிருந்தேன். நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தீர்கள். ஒதுங்கும் இடம் உங்களுக்குப் பின்னால் இருந்தது. இவ்வளவுதான் நடந்தது.' கையெழுத்துப் போட்டாள். துரையின் கையெழுத்து அளவுக்கு அழகில்லை, ஆனால் நல்ல பெரிதாக இருந்தது.

செவ்வாய் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வரும் வழியில் தாளை ஆபீசில் கொடுத்துவிட்டு, லயத்துக்கு வந்தாள். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். வழக்கமாகப் பன்னிரண்டேகாலுக்குக் கிளம்புவாள். அன்றைக்குக் கிளம்பவில்லை. காருக்குள் உட்கார்ந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே காலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பெக்டரி மூடியபின் கொழுந்து வெளித் தோட்டத்துக்குத்தான் போகிறது, இதே பாதையில், இதே கேட் வழியாக. கடைசிச் சாக்கு ஏறியது. லொறிக்காரர் ஸம்சுதீன் நானா எஞ்சினைப் போட்டார். செலினா அவருக்கு முன்னால் காரைப் பாதையில் ஏற்றினாள்.

கேட்டில் சங்கிலி மாட்டிக் கிடந்தது. வாச்சர் கந்தையா எழுந்து வந்தார். சங்கடமான முகம்.

"மன்னிப்பு எழுதலயாமே, செலினா. பன்னெண்டு மணிக்குள்ள வண்டிய வெளியேயும் வைக்கல. இனி மன்னிப்பு எழுதுற வரைக்கும் ஒன் வண்டிக்குச் சங்கிலியத் தொறக்கக் கூடாதுன்னு ஓடர்."

"சரிங்கண்ணே. தொறக்காதீங்க."

எஞ்சினை நிறுத்தினாள். பின்னால் லொறி வந்து முனகி நின்றது. ஸம்சுதீன் நானா ஹோர்ன் அடித்தார், பிறகு இறங்கி வந்தார். "என்ன தங்கச்சி, என்ன பிரச்சின? வெயிலு ஏறுது, கொழுந்து உள்ளுக்குள்ள சூடாகுது, கெட்டுப்போயிரும்."

"எனக்குப் பாஸ் இல்ல நானா. சங்கிலி தொறக்க மாட்டாங்களாம்."

கந்தையா ஆபீசுக்குப் போன் பண்ணினார். கேட்டுவிட்டு வந்து சொன்னார். "காரத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்றாங்க."

"இந்த அகலத்துல திருப்ப ஏலாதே அண்ணே. பின்னுக்குத்தான் போகணும். நான் ரெடி. லொறிய மொதல்ல பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்க."

ஸம்சுதீன் நானா இடுப்பில் கை வைத்தார். "ஆர், நான் எடுக்கவா? ரெண்டாயிரம் கிலோவ வச்சிக்கிட்டு மூணு மைல் பின்னுக்கா? ஒங்கட தொரய வந்து ஓட்டச் சொல்லுங்க!"

கந்தையா இதையும் போனில் சொன்னார், கொஞ்சம் மரியாதை சேர்த்து. போனைக் காதில் வைத்தபடியே காத்துநின்றார். லொறிக்குள்ளிருந்து பச்சைக் கொழுந்தின் வாசம் புழுங்கி வந்தது. செலினா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, கைப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, அவசரமில்லாமல் மடித்தாள். மணி பன்னிரண்டு ஐம்பது.

போன் ஏதோ சொன்னது. ஒரே ஒரு சொல்தான். கந்தையா போனை மடியில் செருகிக்கொண்டு, கொக்கியைக் கழற்றினார். சங்கிலி கிலுகிலு என்று தார் ரோட்டில் விழுந்தது.

செலினா எஞ்சினைப் போட்டாள். நன்றி சொல்லவில்லை.

கந்தையா ஜன்னலோரம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார். "இன்னைக்குச் சரி. நாளைக்கு என்னம்மா பண்ணுவ?"

"நாளைக்கும் கொழுந்து நிறுத்து லொறியில ஏத்துவாங்கதானே அண்ணே" என்றாள் செலினா, கிளட்சை விட்டபடி.