காயாத டயர் பாலிஷ்

காரை மாப்பிள்ளை மாதிரி குளிப்பாட்டி, நாலு டயருக்கும் பாலிஷ் தடவி முடிப்பதற்குள் அவருக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. பாலிஷ் காயுமுன் வண்டியை ஓட்டினால் சக்கரத்திலிருந்து கதவெல்லாம் கறுப்புப் புள்ளியாகத் தெறிக்கும். அதனால் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

தலையைத் துவட்டியபடி வாசலுக்கு வந்தவர் திடுக்கிட்டார். வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்றது. கதவெல்லாம் கறுப்புப் புள்ளிகள்.

"எவன்டி வண்டிய எடுத்தது?"

மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கே! நீங்கதான ஓட்டிட்டுப் போனீங்க? கை காட்டுனேன், திரும்பிக்கூடப் பாக்கல. இப்பத்தான் வந்து குளிக்கப் போனீங்க, அதுக்குள்ள..."

அவள் முடிக்கவில்லை. உள்ளே குளியலறையில் யாரோ தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.