ஆணித்தரம்

மாஸ்டருக்கு வேறு சத்ரு வேண்டாம், அவர் வாயே போதும். மாடி வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது பேசாமல் கொடுத்திருக்கலாம் அல்லவா? புதிதாகக் குடிவந்த புருஷனையும் பெண்டாட்டியையும் பார்த்து, வாய் கொள்ளாத சிரிப்போடு, "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்று சொல்லித் தொலைத்தார். ஊரில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். சொல்கிறவனும் மனதார நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவனும் நம்புவதில்லை. ஆனால் மாஸ்டருக்கு வந்து வாய்த்தவர் நம்பிவிட்டார்!

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பகல் முழுக்க ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளட்ச்ச மிதிங்க! ரோட்டப் பாருங்க, என்னை ஏன் பாக்கறீங்க?" என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் பிழைப்பு. அந்தக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் லாரிக்கு அடியிலேயே கொண்டுபோய் விட்டாலும், கடைசி நொடியில் ஒரு மிதி மிதித்து வண்டியை நிறுத்திவிடுவார். மாடியில் குடியிருக்கிறவரை நிறுத்த அப்படி ஒரு பிரேக் இல்லையே என்பதுதான் அவருடைய தீராத ஆற்றாமை.

மாடிக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மெக்கானிக்கின் பையில் இல்லாத சாமான் கிடையாது. வந்த வாரமே டிரில்லை எடுத்துக்கொண்டு சுவரில் இறங்கிவிட்டார். கடிகாரத்துக்கு ஒரு ஓட்டை, கண்ணாடிக்கு ஒரு ஓட்டை, குடை மாட்ட ஒரு கொக்கி, அந்தக் கொக்கிக்குத் துணையாக இன்னொரு கொக்கி. கீழே சாப்பிட உட்கார்ந்த மாஸ்டருக்கு ஒவ்வொரு 'டர்ர்ர்'ரும் தன் பல்லில் போடுவதுபோல இருக்கும். போதாக்குறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ப் பார்த்தால், வெள்ளைவெளேரென்று இருந்த கூடம் பச்சைப்பசேலென்று நிற்கிறது.

"என்ன தம்பி, ஒரு வார்த்தை கேக்காம பெயின்ட் அடிச்சுட்டீங்க?"

"நீங்கதானே மாஸ்டர் சொன்னீங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்கன்னு! நம்ம வீட்டுக்கு நாம செய்யாம வேற யாரு வந்து செய்வா? உக்காருங்க, டீ குடிச்சுட்டுப் போங்க."

நம்ம வீடாம், நம்ம வீடு! கடன் வாங்கி, வயிற்றைக் கட்டி, செங்கல் செங்கலாகக் கட்டியவர் இங்கே நிற்கிறார். முந்தாநாள் வந்தவருக்கு நம்ம வீடா? மாடிப்படியில் நின்றுகொண்டு போனில் யாரிடமோ, "சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வாங்களேன்" என்று அவர் சொல்வது காதில் விழும்போதெல்லாம் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்து என்ன செய்ய? டீயைக் குடித்துவிட்டு, "பச்சையும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். காரில் புலியாக இருக்கிற மனிதருக்கு அந்தப் படியேறினால் குரலே எழும்பாது.

இதில் இன்னொரு கொடுமை, அந்த ஆளைத் திட்டவும் முடியாது. பல வருஷமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கேட்டுக்கு அவராகவே எண்ணெய் விட்டார். மொட்டைமாடித் தொட்டி, மோட்டார், வால்வு எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுக்கொண்டார். மோட்டார் மக்கர் பண்ணினால் கீழேயிருந்து "தம்பி!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பாதி முகச் சவரத்தோடு இறங்கி வந்துவிடுவார். அதுவும் மாஸ்டருக்கு எரிச்சல்தான். நல்லவனாகவும் இருந்து சுவரில் ஓட்டையும் போட்டால் எந்தப் பக்கம் கோபப்படுவது?

நேரில் சொல்லத் துணிவில்லாத மாஸ்டர் ஒரு வேலை செய்தார். டிரைவிங் ஸ்கூலுக்குப் பலகை எழுதிக்கொடுக்கிறவரிடம் சொல்லி, சிவப்பு எழுத்தில் ஒன்று எழுதி வாங்கினார். 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இப்படிக்கு, வீட்டு உரிமையாளர்.' மேலே இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மாடிவீட்டு வாசலுக்கு நேர் எதிரே படிக்கட்டுச் சுவரில் மாட்டினார். எதில் மாட்டினார் என்று கேட்காதீர்கள். ஆணியில்தான். பலகை கனம், அசையக் கூடாது என்று நீளமான ஆணியாகப் பார்த்து, சுத்தியலால் ஆசை தீர நாலு போடு போட்டார். அத்தனை நாள் உள்ளே கிடந்த கோபமெல்லாம் அந்த ஆணித்தலையில் இறங்கியது.

சாயங்காலம் மெக்கானிக் வந்து பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. இறங்கி வந்து, "போர்டு கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு மாஸ்டர், நேராக்கிட்டேன். சொல்லியிருந்தா நானே டிரில் போட்டு மாட்டியிருப்பேனே" என்றார். மாஸ்டருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்கப்புறம்தான் கீழ்வீட்டில் சொட்டத் தொடங்கியது.

சொட்டிய இடம் வேறு எங்காவது இருந்தால் மாஸ்டர் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போயிருப்பார். சொட்டியது அவர் மனைவியின் தையல் அறையில். வீட்டுச் செலவில் பாதி அந்த மெஷினில்தான் ஓடுகிறது. முதலில் கூரை மூலையில் ஈரம் படர்ந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு. பிறகு அடுத்த சொட்டு. அந்த அம்மாள் மெஷினை இந்தப் பக்கம் நகர்த்தினால் சொட்டு அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் நகர்த்தினால் இந்தப் பக்கம் வரும்.

பிளம்பர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மேல பாத்ரூம் தரைதான் சார், கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார் போலிருக்கிறது. தரையைப் பெயர்த்தார்கள். கல்லும் மண்ணும் படி நெடுக இறங்கின. வேலை முடிகிறவரை மாடிக்காரர்கள் குளிக்கக் கீழேதான் வந்தார்கள். காலையில் மாஸ்டர் துண்டோடு நிற்பார், உள்ளே மெக்கானிக் பாடிக்கொண்டிருப்பார். "இதோ வந்துட்டேன் மாஸ்டர்!" என்பார், பாட்டு முடியாது. சொந்த வீட்டில், சொந்தக் குளியலறைக்கு, சொந்தத் துண்டோடு வரிசையில் நிற்கிற தலையெழுத்து உலகத்தில் யாருக்காவது உண்டா? கடைசியில் புதுத் தரை போட்டார்கள். அது உலர்ந்தது. கீழே சொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

"நீங்க தண்ணிய ரொம்பப் பொழங்கறீங்கன்னு நெனக்கிறேன்" என்று மாஸ்டர் ஒருநாள் படியில் நர்ஸம்மாவிடம் மென்று விழுங்கிச் சொன்னார்.

"நாங்க எப்பவும் போலத்தான் மாஸ்டர் பொழங்கறோம். இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலையே? நீங்க போர்டு மாட்டுனீங்கல்ல, அந்த வாரம்தான் ஆரம்பிச்சுது."

பாவம், அந்தப் பெண் நாளைக் கணக்கு வைத்துத்தான் சொன்னாள். மாஸ்டர் காதில் அது குத்தலாக விழுந்தது. "பாத்தியா, போர்டு மாட்டினதுக்குப் பழி வாங்கறாங்களாம், அத மூஞ்சிக்கு நேரா சொல்லியும் காட்டறா" என்று மனைவியிடம் வந்து பொருமினார். ஆத்திரம் வந்தவருக்குக் காது எங்கே கேட்கும்?

ஒரு கம்பெனிக்காக அந்த அம்மாள் தைத்து அடுக்கியிருந்த வெளிர்நீலச் சட்டைகள் மேல் பழுப்புச் சொட்டு விழுந்த அன்றுதான் வெடித்தது. அவள் அழவில்லை. மேல் சட்டையை எடுத்து மாஸ்டர் முன்னால் விரித்துக் காட்டினாள். காலரில் கறை.

"இத நான் எப்படிக் குடுக்கறது? இனிமே எனக்கு ஆர்டர் தருவாங்களா? நீங்க மேல போறீங்க, டீ குடிச்சுட்டு வர்றீங்க. போன தடவ போனப்போ அவருக்கு ஏணி பிடிச்சுட்டு வந்தீங்க! காலி பண்ணச் சொல்லுங்க. மென்னு முழுங்காம ஆணித்தரமா சொல்லுங்க. இல்லன்னா மெஷினத் தூக்கிக்கிட்டு நான் அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க கூரையாவது ஒழுகாது."

"மெஷின் மட்டுமா, நீயுமா?"

"மெஷின் தானா தைக்குமா?"

மாஸ்டருக்குத் தெரியும். அவள் சொன்னால் செய்வாள். மறுநாள் வண்டியில் உட்கார்ந்து வாய்க்குள் ஒத்திகை பார்த்தார். ஒத்திகை சூடுபிடித்து, "போதும்! நீங்க காலி பண்ணிடுங்க!" என்று வாய்விட்டே வந்துவிட்டது. பக்கத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த அம்மாள் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து இறங்கியே விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி மறுபடி ஏற்றுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் மேலே போனவர் உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். நின்றபடியே, பச்சைச் சுவரைப் பார்த்தபடியே, ஆணித்தரமாகச் சொன்னார்.

"தம்பி, வீடு எங்களுக்குத் தேவைப்படுது. நீங்க வேற இடம் பாத்துக்கோங்க."

மெக்கானிக் ஏதாவது கத்துவார், தானும் திருப்பிக் கத்தலாம் என்று மாஸ்டர் தயாராக வந்திருந்தார். அவர் கத்தவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"சரி மாஸ்டர். உங்க வீடு. நீங்க சொன்னா சரிதான்."

இத்தனை நாளில் அவர் 'நம்ம வீடு' என்னாமல் 'உங்க வீடு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இதைக் கேட்கத்தானே மாஸ்டர் தவம் கிடந்தார்? கேட்டதும் ஏனோ நெஞ்சில் சுருக்கென்றது.

போகிறவர் சும்மா போகவில்லை. தான் போட்ட ஓட்டை ஒவ்வொன்றையும் பட்டி பார்த்து அடைத்து, தேய்த்து, மேலே பெயின்டும் தடவிவிட்டுப் போனார். எங்கே ஓட்டை இருந்தது என்று தடவினாலும் தெரியாது. சாவியை மாஸ்டர் கையில் வைத்து, "பாத்துக்கோங்க" என்றார். நர்ஸம்மா கீழே வந்து தையல்கார அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

மேலே ஆளில்லை. ஒரு குழாயைத் திறப்பாரில்லை. கீழே சொட்டிக்கொண்டேதான் இருந்தது.

"என்னங்க இது, அவங்க போயும் சொட்டுது?"

"தேங்கி நின்னது வடியுதும்மா. சும்மா தொணதொணன்னு கேக்காத" என்றார் மாஸ்டர். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

வீடு காட்ட வந்த புரோக்கர் படியேறும்போதே நின்றுவிட்டார். "என்ன சார் இது, வாசல்லயே மிரட்டறீங்க? இந்தப் போர்டப் பாத்தா வர்றவங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. சாயங்காலம் ஒரு பார்ட்டி வராங்க, அதுக்குள்ள கழட்டிடுங்க."

சரி, இனி அது யாருக்கு என்று மாஸ்டரும் போனார். பலகையை எடுத்துக் கீழே சாய்த்தார். அதற்குப் பின்னால் சுவர் ஊறிப்போய்ப் பூத்திருந்தது. ஆணியைச் சுற்றி ஈரமாக ஒரு வட்டம். தொட்டுப் பார்த்தார். சில்லென்றது. அப்போதும் புத்தி வரவில்லை. குறடால் ஆணியைப் பிடித்து, அசைத்து, ஒரே இழுப்பாக இழுத்தார்.

பீச்சியடித்தது. முகத்தில், வாயில், சட்டையில். மாஸ்டர் ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் குளித்தபடியே நின்றார். பிறகு புரிந்தது. தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக்கு, அவருடைய வீட்டுக்கு, அவருடைய சமையலறைக்கு இறங்குகிற குழாய் இந்தச் சுவருக்குள்தான், தையல் அறைக் கூரையை ஒட்டித்தான் போகிறது. கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் அவரேதான். அதில் ஆணியை இறக்கியவரும் அவரேதான்.

"அடப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு கட்டைவிரலால் ஓட்டையை அழுத்தினார். ஆணியைத் திரும்பச் சொருகலாம் என்றால், அது படிகளில் உருண்டு எங்கேயோ போய்விட்டது. விரலை எடுத்தால் அருவி. எடுக்காவிட்டால் நகர முடியாது. மொட்டைமாடிக்கு ஓடினாலும் அங்கே வரிசையாக இருக்கிற வால்வுகளில் எது எதற்கென்று அவருக்கு எங்கே தெரியும்?

"தம்பி!" என்று பழக்க தோஷத்தில் கத்தினார். திறந்து கிடந்த பச்சைக் கூடத்துக்குள் போய் அந்தக் குரல் திரும்பி வந்தது.

கீழே தையல் மெஷின் நின்றது. "என்னங்க! என்ன பண்ணீங்க? சொட்டினது போய் இப்போ ஊத்துதுங்க! ஐயோ, சட்டையெல்லாம்!" என்று மனைவியின் குரல். சாமான்களை இழுக்கிற சத்தம்.

இடது கையால் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்தார். திரையெல்லாம் தண்ணீர். துடைத்துத் துடைத்து ஒரு வழியாக அந்த எண்ணைத் தேடி அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார் அந்த மனுஷர்.

"மாஸ்டர்! சொல்லுங்க மாஸ்டர், நல்லா இருக்கீங்களா?"

"தம்பி... தம்பி, எந்த வால்வ மூடணும்? நம்ம வீட்டுல தண்ணி பீச்சியடிக்குது தம்பி!"

அந்தப் பக்கம் ஏதோ சாமான் உருட்டுகிற சத்தம். புது வீட்டில் இன்னும் அடுக்கி முடியவில்லை போலும். மெக்கானிக் நிஜமாகவே புரியாமல், பதறிப்போய்க் கேட்டார்.

"எந்த வீட்டுல மாஸ்டர்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். காலடியில் பலகை நனைந்து கிடந்தது. "நம்ம வீட்டுலதான் தம்பி, உங்க வீட்டு வாசல்ல!" என்றார்.