வாத்துக்கு விரல் இல்லை

“குனிங்க அண்ணி. இன்னும் கொஞ்சம்.”

நாத்தனார் ஸ்டூல் மேல் ஏறி நின்று வாத்து வேஷத்தின் மஞ்சள் தலையை அவள் மேல் மெல்ல இறக்கினாள். முதலில் வெளிச்சம் போயிற்று, பிறகு காற்று. கடைசியாக வெளியே இருந்த சத்தமெல்லாம் போர்வைக்குள் போனது போல அடங்கிற்று. உள்ளே அவளுடைய மூச்சு மட்டும், பக்கத்தில் வேறு யாரோ படுத்திருப்பது போலக் கேட்டது. தினமும் இந்த நொடியில் ‘கடவுளே, நல்லபடியா வெளிய விட்டுடு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அதைச் சொல்லாமல் ஒரு நாளும் அந்த உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வந்ததில்லை.

முதுகில் ஜிப் ஏறியது. கழுத்துக்குப் பின்னால் கொக்கிகள் மாட்டப்பட்டன. குழந்தைகள் பிடித்து இழுத்தால் தலை கழன்று விழக்கூடாதென்று, உள்ளே இருப்பவர் தானாகக் கழற்ற முடியாதபடி தைத்திருந்தார்கள்.

“உள்ள இருந்தா வாத்து, வெளிய வந்தா எங்கண்ணன் பொண்டாட்டி. ரெண்டுல எது கஷ்டம் அண்ணி?”

“வாத்துக்குச் சமையல் வேலை கிடையாதுடி. போ, உன்னைத் துடைப்பம் தேடுது.”

அவள் வேலை பார்த்த தையல் கூடத்தை மூடியபோது இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நாத்தனார்தான். அவள் ஆற்றங்கரையைப் பெருக்குகிறவள். குப்பை மேடாகக் கிடந்த கரை இப்போது புல்வெளி, கல் பெஞ்சு, வரிசை விளக்கு என்று ஆளே மாறிப்போயிருந்தது. ஆற்றின் நடுவே மிதக்கும் நீரூற்றுகள். இன்று அவற்றின் முதல் காட்சி. ஊரே திரண்டு வந்திருந்தது.

மேற்பார்வையாளர் அவளுக்கு ஒரே ஒரு விதிதான் சொல்லியிருந்தார். “வாத்து பேசக்கூடாதும்மா. உள்ளேருந்து மனுஷக் குரல் வந்தா பிள்ளைங்க மிரண்டுடும்.” இதுவரை அவள் தும்மியதுகூட இல்லை.

மாலை மங்கும் நேரத்தில் விருந்தினர்களின் படகு வந்தது. அவள் படகுத்துறையில் நின்று இறக்கையை ஆட்டி வரவேற்றாள். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் குறுகலான மிதக்கும் பலகைப் பாதை அது. படகு வந்து ஒட்ட வேண்டுமென்பதால் அதன் பக்கங்களில் தடுப்பு கிடையாது. கரை ஓரத்துத் தடுப்புக் கம்பியில் ஒரு கம்பிக்கதவு மட்டும் இருந்தது. எல்லோரும் கரையேறிய பிறகு கடைசியாக வந்தவள் அவள். கதவைத் தாழிட வேண்டும். வாத்தின் இறக்கைகளுக்கு விரல் இல்லை. இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள். ‘டங்’ என்று சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்டது என்று நினைத்து நடந்தாள்.

கூட்டத்தில் ஒரு பருத்த மனிதர் மனைவியோடு நின்றிருந்தார். சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி, “இங்க பாரு, நீ கடைக்குப் போற மாதிரியே நடந்து வருது!” என்றார்.

“உங்க தொப்பையும் அதுகிட்டதான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, போட்டோ எடுக்கிறேன்,” என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே வாத்தும் சிரித்தது.

அவர் பக்கத்தில் நிற்பதற்காகத் திரும்பியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

வாத்தின் அலகுக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலை. அதன் வழியாக நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். அந்த வலைக்குள், தூரத்தில், கம்பிக்கதவு தானாகத் திறந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், யாரையோ உள்ளே வரச் சொல்வது போல. கதவை நோக்கி ஒரு குழந்தை நடந்துகொண்டிருந்தது. இப்போதுதான் நடை பழகிய குழந்தை. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கைகள் இரண்டும் மேலே போயின. பின்னால் யாரும் வரவில்லை.



“குழந்தை! யாராவது பிடிங்க! அந்தக் கதவு!”

அவள் வாழ்நாளில் இவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. ஒலிபெருக்கியின் பாட்டில் அது ஒரு முனகலாகக்கூட வெளியே வரவில்லை. இறக்கைகளை அடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். தட்டு அகலப் பாதங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தடுக்கின. “டான்ஸ்! வாத்து டான்ஸ் ஆடுது!” என்று யாரோ கூவினார்கள். கைதட்டினார்கள். போன்களெல்லாம் அவள் பக்கம் திரும்பின. சிறுமி ஒருத்தி ஓடி வந்து வயிற்றைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தள்ளவும் முடியவில்லை, தள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. வலைக்குள் இப்போது முகங்கள் மட்டுமே தெரிந்தன. சிரிக்கிற முகங்கள். அவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. யாரிடம் சொன்னாலும் ஓடிப்போய்த் தூக்கியிருப்பார்கள். சொல்லத்தான் வழியில்லாமல் இருந்தது.

அப்போது ஒரு கை வாத்தின் கன்னத்தில் பட்டது. அந்தப் பருத்த மனிதரின் மனைவி.

“ஏங்க, இருங்க. இது ஆடலை. உள்ள இருக்கிறவங்களுக்கு என்னமோ ஆகுது.” அலகில் காதை வைத்தாள். “என்னம்மா? மூச்சு முட்டுதா?”

அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பின்னாளில் எத்தனையோ முறை அந்தப் பெண்ணுக்காக இவள் வேண்டிக்கொள்வாள். இப்போது அழுகைதான் முதலில் வந்தது. “நான் இல்லக்கா... குழந்தை... படகுத்துறைக் கதவு திறந்திருக்கு... ஒரு குழந்தை...”

அவள் முடிக்குமுன் கரையெங்கும் விளக்குகள் அணைந்தன. காட்சி தொடங்கப் போகிறது. கூட்டம் “ஓ” என்று ஆர்ப்பரித்தது.

வலைக்குள் ஒன்றுமே இல்லை. கண்ணை மூடியிருக்கிறோமா திறந்திருக்கிறோமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. “வழி விடுங்க! வழி விடுங்கய்யா!” என்று அந்த மனிதரின் குரல் எங்கோ கூட்டத்தோடு மல்லுக்கட்டியது. அவள் தடுப்புக் கம்பியைத் தேடி, அதில் இறக்கையைத் தேய்த்தபடி நகர்ந்தாள். கம்பி முடிந்து இறக்கை வெறும் காற்றில் விழுந்தது. கதவின் இடைவெளி.

குழந்தை இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கும் என்று நம்பினாள். அதன் சின்ன அடிகள் அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? இந்த உடம்பை இதில் அடைத்துவிட்டால் போதும். கூட்டத்தைப் பார்த்தபடி திரும்பி, பின்பக்கமாகவே இடைவெளிக்குள் நுழைந்து அழுத்தினாள். வாத்து உடையின் ஸ்பாஞ்ச் நசுங்கி இருபுறக் கம்பிகளுக்கும் நடுவே இறுகிக்கொண்டது. சீசாவுக்கு மூடி போட்ட மாதிரி.

‘வா கண்ணு. என்கிட்ட வந்து முட்டிக்கோ. வா.’

முன்னால் யாரும் வந்து முட்டவில்லை.

பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து இழுத்தார்கள்.

 குழந்தை பலகைமேல் இருக்கிறது. தடுப்பே இல்லாத பலகையில், இருட்டில், அவளுக்குப் பின்னால். அவள் திரும்பினால் வால் அதைத் தண்ணீரில் தட்டிவிடும். உருவிக்கொண்டு முன்னால் நகர்ந்தால், நசுங்கிய ஸ்பாஞ்ச் வெடுக்கென்று விடுபடும், பிடித்திருக்கும் கை தடுமாறும். அவள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அசையாமல் நிற்பது. இவ்வளவு கஷ்டமான வேலையை அவள் செய்ததே இல்லை.

குழந்தை இன்னொரு முறை இழுத்தது. பிறகு இழுக்கவில்லை.

பேசினால் மிரண்டுவிடுமோ? ஓரடி பின்வாங்கினாலும் போச்சு. அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “குவாக்,” என்றாள்.

ஒன்றும் இல்லை. தண்ணீர் பலகையில் மோதும் சத்தம்.

“குவாக். குவாக்.”

பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. வால் மறுபடி இழுபட்டது.  

“எங்கம்மா இருக்கீங்க?” மூச்சிரைக்க அந்த மனிதர் வந்து மோதினார்.

“தள்ளாதீங்கண்ணே! குழந்தை எனக்குப் பின்னாடி இருக்கு. என் வாலைப் பிடிச்சிருக்கு. நான் அசையக்கூடாது.”

“கம்பி மேல ஏறிக் குதிக்கவா?”

“வேண்டாங்க, பலகை ஆடும்!” என்றாள் அவர் மனைவி. “கீழ படுங்க. அவங்க கால் நடுவுல கையை விடுங்க. உங்க சட்டையை நான் பிடிச்சுக்கிறேன்.”

 அவர் நல்ல சட்டையோடு அப்படியே தரையில் குப்புறப் படுத்தார். அவளுடைய பாதங்களுக்கு நடுவே ஒரு தோள் நுழைந்தது. அவள் குவாக் குவாக் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவே அவளுக்கு ஜெபமாகிவிட்டது.

“கால் கிடைச்சிருச்சு... இல்ல. செருப்பு. செருப்பு மட்டும்தான்.”

ஆற்றின் நடுவே குண்டு வெடித்தது போல முதல் நீரூற்று எழுந்தது. சிவப்பும் நீலமுமாக வானம் வரை தண்ணீர். பலகை அலையில் ஏறி இறங்கியது. பின்னால் குழந்தை வீறிட்டது. அதன் எடை முழுவதும் வாலில் தொங்கியது. தையல் இழைகள் ஒவ்வொன்றாகத் தெறிப்பதை அவள் முதுகால் கேட்டாள். தையல்காரிக்குத் தெரியும், அது எத்தனை பலவீனமான தையல் என்று. ‘தாங்கு,’ என்று நூலைப் பார்த்துக் கெஞ்சினாள். ‘இன்னும் கொஞ்சம் தாங்கு.’

“எட்டலையே... இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு என்னை!”

மனைவி தள்ளினாள். ஏதோ டர்ரென்று கிழிந்தது. வால் திடீரென்று எடையில்லாமல் போயிற்று.

“அண்ணே?” என்றாள்.  “அண்ணே!”

கரை முழுக்கக் கைதட்டல். எல்லா முகங்களும் தண்ணீரைப் பார்த்து ஒளிர்ந்துகொண்டிருந்தன. நீரூற்றின் வெளிச்சம் சிவந்து, பச்சையாகி, பொன்னிறமாகி அலகின் வலைக்குள் வந்தது. அவள் கழுத்து எவ்வளவு வளையுமோ அவ்வளவு குனிந்தாள்.

தன் இரண்டு பாதங்களுக்கும் நடுவிலிருந்து முதலில் ஒரு சின்னக் கை வெளியே வருவதைப் பார்த்தாள். இறுக மூடிய கை. விரல் இடுக்குகளிலெல்லாம் மஞ்சள் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது.