பெட்டியில் போட்டிருந்த வேகம்

நொடிக்கு ஆயிரம் மெகாபைட் என்று புதுச் சேமிப்பு வட்டின் பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. முதல் அரை நிமிடம் அப்படித்தான் ஓடியது. பத்து நிமிடத்தில் முடியும் என்றது கணினி. அத்தைக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால் ஐந்தரை மணி நேரம் என்றது.

காலை மணி பத்து. அத்தைக்கு நான்கு மணிக்கு விமானம். சோதனைச் சாவடிகளைக் கணக்கிட்டால் பன்னிரண்டுக்கே கிளம்ப வேண்டும். சுவீடனில் மகன் கஸ்ஸானோடு இருந்துவிடப் போகிறார். பாக்தாத்திலிருந்து எடுத்துப்போக அவர் கேட்டது ஒன்றுதான். மகள் எடுத்த கல்யாண வீடியோக்கள்.

மகள் ரஃபல், என் மனைவி. இறந்து பதினொரு மாதம். கல்யாணங்களில் பெண்கள் கூடத்தில் படம் எடுப்பது அவள் தொழில். ஆண்கள் நுழையாத இடம். எந்தப் படத்திலும் அவள் இல்லை. கேமராவுக்குப் பின்னால் குரல் மட்டும் இருக்கும்.

வட்டை விற்ற ஹக்கி என் கல்லூரித் தோழன். போன் செய்தேன்.

"உன் டிஸ்க் படுத்துடுச்சுடா. முப்பதுல ஊருது."

"பெட்டியில இருக்கறத நம்புனியா? அது பொண்ணு கேக்கப் போறவன் பேச்சு."

"கடையில ஓட்டிக் காட்டுனியே."

"சின்ன ஃபைல்டா அது. வாசல்ல கொஞ்ச இடம்தான் வேகமா வாங்கும். நிரம்பிட்டா உள்ள தூக்கி வைக்கத் திணறும். என்னையும்தான் ஏமாத்திட்டானுங்க. ஆமா, என்ன ஏத்துற?"

சொன்னேன்.

"நல்லது ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

"பாலம் தாண்டி இங்க வர எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி."

"வேண்டாம்டா."

அத்தையிடம் சொன்னேன். "நீங்க கிளம்புங்க. பின்னால அனுப்பி வைக்கறேன்."

"நீயா? பதினொரு மாசமா அவ அறைக் கதவையே திறக்கல. நீ அனுப்பி நான் பாக்கவா? நகரு, நானே பொறுக்கிக்கறேன்."

அவர் திரைமுன் உட்கார்ந்தார். நான் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினேன். எந்த ஆணும் பார்க்க மாட்டான் என்று ரஃபல் மணப்பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

மேளம். குலவை. பிறகு அவள்.

"ஏய் ஷஹ்லா, அழாத, மை ஓடுது. உங்கம்மா அழட்டும், நீ இங்க பாரு."

கையில் தேநீர் இருந்தது. குடிக்கவில்லை.

"இது வேணும்" என்றார் அத்தை. அடுத்ததைப் போட்டார். "இதுவும் வேணும்." அரை மணி நேரத்தில் ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. "எதடா விடுவேன்?" என்று என் முதுகிடம் கேட்டார்.

அப்போதுதான் தோன்றியது.

"அத்தை, படம் வேணுமா, குரல் வேணுமா?"

"குரல்தான் கண்ணு. ஊரான் வீட்டுப் பொண்ணு தலையில துணியில்லாம ஆடுறத வெச்சு நான் என்ன செய்ய? அங்க கஸ்ஸானோட பசங்க வேற, எதையும் நோண்டுவானுங்க."

வட்டில் ஏறியிருந்ததை அழித்துவிட்டு, எல்லாவற்றிலிருந்தும் ஒலியை மட்டும் பிரித்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. மொத்தமே மூன்று ஜிகாபைட். வட்டு அதைச் சில நொடிகளில் வாங்கிக்கொண்டது.

வட்டைக் கைக்குட்டையில் சுற்றி ஆடைக்குள் வைத்துக்கொண்டார். பயணப் பெட்டியில் வைக்க மனமில்லை.

"உனக்கு?"

"கணினியிலயே இருக்கு."

"இருக்கறது தெரியும். கேப்பியா?"

கீழே டாக்சி ஹாரன் அடித்தது. அத்தை எழுந்திருக்கவில்லை.

"நிக்கட்டும். ஒண்ணு போடு. சேர்ந்து கேப்போம்."

கைக்கு வந்ததைப் போட்டேன். கூடத்து இரைச்சலுக்கு மேல் ரஃபல் யாரையோ விரட்டினாள். "கேக்கை வெட்டுங்கம்மா சீக்கிரம். வீட்டுல ஒருத்தர் நான் வராம சாப்பிட மாட்டாரு. பசிச்சா பேசவும் மாட்டாரு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு."

கூடமே சிரித்தது. அத்தையும் சிரித்தார். "உன்னத்தான்."

"தெரியுது" என்றேன்.

மறுபடி ஹாரன். நான் நிறுத்தவில்லை.