சந்தனம் வைத்த பெட்டி

சக்கரபாணிக்கு வாய் பெரிசு. கோலியனூர் சாலையில் அவர் லாரி பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குள் ஸ்பேனர் விழும் சத்தத்தைவிட அவர் சத்தம் தூரம் போகும். அதனால், "புது ஆயில் சீலை வித்துத் தின்னுட்டுப் பழசை மாட்டியிருக்கான்யா இந்த சவுரி!" என்று ஐப்பசி மாசம் ஒரு காலையில் அவர் வாசலில் நின்று கத்தியது, பொழுது சாய்வதற்குள் விழுப்புரம் ஜங்ஷன் வரைக்கும் போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

கத்துவதற்குக் காரணமான லாரி, திண்டிவனத்தில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த தாண்டவராயனுடையது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் ஏலம் விட்ட வண்டி. முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ரகம். அதற்காகக் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு, டிரான்ஸ்பர் கேஸ் என்று. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. புரட்டாசியில் அதைப் பிரித்து, ஆயில் கசியாமல் இருக்கப் புது சீல் மூன்றும் மாட்டியவன் சவுரிராயன். எட்டு வருஷமாகச் சக்கரபாணியிடம் பிட்டர். ஆயுத பூஜை கழிந்து பத்தாம் நாள் பெட்டி ஒழுக ஆரம்பித்தது. மண்டி வாசலில் காயப் போட்டிருந்த மல்லாட்டை மேல் ஆயில் சொட்டியதில், தாண்டவராயன் வந்து குதி குதியென்று குதித்தார். சக்கரபாணிக்கு உடனே பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில் சவுரி நின்றிருந்தான்.

சவுரி கையைச் சாக்கில் துடைத்தான், சைக்கிளை எடுத்தான், போய்விட்டான்.

"பாத்தியா, ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. திருடன்தான்" என்றது தெரு. பேசியிருந்தால், திருட்டுப் பயலுக்கு வாயைப் பார் என்றிருக்கும்.

அப்புறம் சக்கரபாணி தன் கையாலேயே புது சீல் மாட்டினார். ஒழுகியது. வேறு கடையில் வாங்கி மாட்டினார். அதுவும் ஒழுகியது. தை மாசம் லாரி மறுபடி வாசலில் வந்து நின்றபோது, சோறு கொண்டுவந்த அவர் சம்சாரம் கிருஷ்ணவேணி தூக்கை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இந்தத் தபா யாரு வித்துத் தின்னாங்களாம்?"

சக்கரபாணி அன்று மத்தியானம் பட்டறையில் வேறு ஆள் இல்லாத நேரத்தில், வீட்டுக்குப் போய் அவளுடைய பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். (டப்பா காணோம் என்று அவள் மூன்று வீட்டில் விசாரித்தது தனிக் கதை.) பெட்டியின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, பவுடரை அப்பி, லாரியை முண்டியம்பாக்கம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து அடியில் படுத்தார். வெள்ளைப் பூச்சில் ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தார். ஓரிடமாக இருந்திருந்தால் நிம்மதி. மூன்று சீலிலும் ஈரம்.

மூன்றும் பேசி வைத்துக்கொண்டா கெட்டுப்போகும்?

சந்தேகத்தோடு, ஆயில் ஊற்றும் துளையின் போல்டை மெள்ளத் திருகினார். புஸ்ஸென்று சூடான காற்று அவர் மூஞ்சியிலேயே அடித்தது. உள்ளே அடைபட்ட காற்று வேறு வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. பெட்டி சூடேறினால் மூச்சு விட உச்சியில் ஒரு குமிழும், அதில் ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டையும் இருக்கும். கையை மேலே விட்டுத் தடவினார். குமிழ் கட்டை மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினார். காய்ந்து இறுகிப்போன சந்தனம் உதிர்ந்தது. அதற்கு அடியில் சில்வர் பெயிண்ட்.

சக்கரபாணி அப்படியே மல்லாந்து கிடந்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், பட்டறையிலேயே நின்ற லாரி பளபளவென்று இருக்கட்டும் என்று மேலும் கீழும் சில்வர் அடித்தது அவர். பூஜையன்று, அந்தக் குமிழ் குட்டிப் பிள்ளையார் மாதிரி இருக்கிறதென்று உருண்டையாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்ததும் அவர்தான். பொரிப் பொட்டலத்தோடு ஓரமாக நின்றிருந்த சவுரி, "அண்ணே, அது காத்து போற ஓட்டைண்ணே" என்று சொன்னான். "சாமி காரியத்துல நீ என்னாடா? உங்க மாதா கோயில்ல போய் நாட்டாமை பண்ணு" என்று சிரித்தது யார்? சுற்றி நின்றவர்களும் சிரித்தார்களே என்று இப்போது ஆறுதல் தேட முடியவில்லை.

ஒரு கம்பியால் குத்தி ஓட்டையைத் திறக்க அஞ்சு நிமிஷம் ஆனது. லாரி அதற்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"அந்தத் திருட்டுப்பய கெடுத்ததை நீங்க ஆளு வெச்சுத் தேடுனாலும் ஒரு சொட்டு கெடைக்காத மாதிரி சரி பண்ணிட்டீங்களே!" என்றார் தாண்டவராயன்.

சக்கரபாணி தலையை ஆட்டினார். ஆட்டிய தலையை எட்டு நாள் யார் முன்னாலும் நிமிர்த்த முடியவில்லை. ஒன்பதாம் நாள் திண்டிவனம் பஸ் ஏறினார்.

அங்கே அப்பாதுரையின் பட்டறையில் சவுரி இருப்பதாகக் கேள்வி. இருந்தான். தகரத் தட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி வைத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, நட்டும் போல்டும் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க, விழுப்புரத்து மொதலாளி!" என்றார் அப்பாதுரை. "உங்க ஆளுதான். நீங்க சொன்ன சேதி காதுல விழுந்திச்சு. அதான் சாமான் ரூம் பக்கமே வுடறதில்ல. கழுவுறதோட சரி."

எட்டு வருஷத்துப் பிட்டர். சக்கரபாணி அவன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"சவுரி... அந்தச் சந்தனம்டா..."

"தெரியும்ணே."

"தெரிஞ்சிக்கினே சொல்லாம போயிட்டியே."

"பூஜையன்னிக்கே சொன்னேன். அப்பறம் நீங்க ஓட்டையைப் பத்தியா கேட்டீங்க? திருடன்னுதானே கத்துனீங்க."

"தப்புதான். வந்துடுடா, ஊருக்கே போயிடலாம்."

சவுரி ஒரு நட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "என் காதுல சொல்லி என்னாண்ணே ஆவும்? அதோ நிக்கிறாரே, அவருகிட்ட சொல்லுங்க. அன்னிக்கி எந்தச் சத்தத்துல சொன்னீங்களோ, அந்தச் சத்தத்துல."

பட்டறையில் நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். சக்கரபாணி நிமிர்ந்தார். "தப்பு என்னுதுய்யா" என்று வாழ்நாளிலேயே முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என்னா? காதுல விழல" என்றார் அப்பாதுரை, நன்றாக விழுந்தும்.

"நான்தான்யா அடைச்சேன்!" என்று கத்தினார் சக்கரபாணி. "காத்து ஓட்டையில பெயிண்ட்டு அடிச்சு, சந்தனம் வெச்சு, நான் அடைச்சேன். இவன் வேணாம்னு சொன்னான். சீலு புதுசுதான். இவன் எதையும் எடுக்கல. நான் பொய் சொன்னேன்."

உடனே ஒரு டிரைவர், "குங்குமமும் வெச்சியா, மொதலாளி?" என்றான். பட்டறையே சிரித்தது. அப்பாதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய் சவுரி, எழுந்திரு. அந்தச் செஞ்சி வண்டி கியர் பெட்டியை இறக்கு. சாமான் ரூம்ல எது வேணுமோ எடுத்துக்கோ" என்றார்.

சவுரி எழுந்தான். கையைத் துடைத்தான். சக்கரபாணியைப் பார்க்காமல் கடந்து போய் வண்டிக்கு அடியில் நுழைந்தான். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. ஊருக்கு வருவானா மாட்டானா என்பதற்கு அங்கிருந்து ஸ்பேனர் சத்தம்தான் வந்தது.

தட்டில் பாதிச் சாமான் கழுவாமல் கிடந்தது. சக்கரபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டின் முன்னால் குந்தினார். ஒவ்வொரு போல்டாக எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். வேண்டாம் என்று அவரை யாரும் தடுக்கவில்லை.