திருநீறு பூசிய பல்பு

மதுரையில் ஆராய்ச்சி செய்யும் ஓவியா ஆயுதபூசைக்குக் கம்பத்துக்கு வந்து இறங்குவதற்குள் தெருவுக்கே செய்தி தெரிந்திருந்தது: திராட்சை வியாபாரி வேல்பாண்டியின் மகள் கரண்ட் பில்லுக்கே முடிவு கட்டிவிட்டாளாம். பரப்பியவர் வேறு யார், வேல்பாண்டிதான்.

அவள் பையிலிருந்து எடுத்ததோ தீப்பெட்டி அகலத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு. உள்ளே கரண்ட் பாய்ந்தால் ஒளிரும் பெரோவ்ஸ்கைட் என்ற ரசாயனப் பூச்சு. அதோடு இணைத்த பேட்டரிப் பட்டனை அழுத்தினால் நடுவில் மிளகளவு பச்சை வெளிச்சம்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் பக்கத்து வீட்டு மொக்கம்மாள். "எங்க வீட்டு டிவி அணைச்சு வச்சாக்கூட இதவிட நல்லா எரியுமே, ஆத்தா!"

"வெளிச்சம் நெறைய உண்டாகுது அத்தை. முக்கால்வாசி கண்ணாடிக்குள்ளயே முட்டி முட்டித் திரும்பிருது. வெளிய வரமாட்டேங்குது."

"அப்ப உங்கப்பா காசு மாதிரின்னு சொல்லு."

வேல்பாண்டி காது கேளாதவர்போல மீசையைத் தடவிக்கொண்டார்.

ஓவியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த முறையும் வெளிச்சம் கூடவில்லையென்றால் ஆராய்ச்சியை வேறொருவருக்குக் கொடுத்துவிடப்போவதாக அவளுடைய கைடு சொல்லியிருந்தார். ஈரம் பட்டாலே செத்துப்போகிற சரக்கு. செய்ததில் பிழைத்தது இது ஒன்றுதான்.

குளித்துவிட்டு வந்தவள் அலறினாள். தராசு, பைக், மிக்சி வரிசையில் அவள் சில்லும் உட்கார்ந்திருந்தது. மேலே குழைத்துப் பூசிய மூன்று பட்டைத் திருநீறு.

"தொழில் சாமான் அம்புட்டுக்கும் வச்சாச்சு. ஒன்னோடத மட்டும் விட்டா சாமி கோவிச்சுக்காதா?" என்றார் வேல்பாண்டி.

நல்லவேளை, விளிம்பை ஒட்டியிருந்த பசை ஈரத்தை உள்ளே விடவில்லை. பட்டனை அழுத்தினாள். மூன்று பட்டையும் முழுசாகப் பச்சையாய் மின்னின. கண்ணாடிக்குள் முட்டிக்கொண்டிருந்த வெளிச்சம் திருநீற்றின் சொரசொரப்பில் சிதறி வெளியே வந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு பூச்சு போடத்தான் அவள் பல லட்ச ரூபாய் மெஷின் கேட்டுக் காத்திருந்தாள்.

துடைக்காமலேயே மதுரைக்குக் கொண்டுபோனாள். அளந்து பார்த்தார்கள், கூடியிருந்தது. சாயங்காலமே வேல்பாண்டிக்குப் போன் வந்தது.

"கைடு சார் ஒத்துக்கிட்டாகப்பா. ஆராய்ச்சி எனக்குத்தான். ஆனா யோசன அவுகளோடதுன்னு எழுதச் சொல்றாக."

"அவுகளா பூசுனாக?" என்று வேல்பாண்டி கொதித்தார். கொதித்த சூட்டோடு பிளக்ஸ் கடைக்குப் போனார்.

மறுநாள் தெருமுனையில் 'விஞ்ஞானி வேல்பாண்டி' திருநீற்றுத் தட்டோடு ஆளுயரத்துக்கு நின்றார்.

"ஏண்ணே, புள்ளயக் காணோமே?" என்றாள் மொக்கம்மாள்.

"நல்லாப் பாரு, இருக்கா."

இருந்தாள். கீழே, பிளக்ஸ் கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், மிளகளவு.