ஆலையின் முதல் நடையாளர்

கிழக்கு வெளுத்தும் கதிர் எழாத வேளை. ஆற்றின் இரு கரைகளிலும் அணிவகுத்து நின்ற பஞ்சாலைகளின் சாளரங்கள் ஒவ்வொன்றாய் ஒளிபெற, முதற் சங்கின் ஓசை குறுந்தெருக்களுக்குள் புகுந்து, உறங்குவோரை எழுப்பி, எழுந்தோரை விரட்டி, ஊர் முழுவதையும் ஒரே திசையில் நடக்கச் செய்துகொண்டிருந்தது. கூரைகளிலும் மின்கம்பிகளிலும் படிந்த பஞ்சுத்துகள், தொலைவில் நின்று பார்ப்பவர்க்குப் பனிபோல் அழகாயிருக்கும். அதை நாள்தோறும் மூச்சோடு இழுப்பவர்க்கு அது அழகன்று. தெருவின் கடைசி வீட்டில், பஞ்சைச் சிக்கெடுக்கும் பொறியில் பத்தொன்பது ஆண்டு உழைத்தவனும், தோழர்களால் நெட்டையன் என்றே அழைக்கப்பட்டவனுமான ஒருவன், வாயிற்படியில் அமர்ந்து, இருமல் ஓயும்வரை காத்திருந்து, மனைவியை நோக்கிக் கை நீட்டினான்.

“ஒரு துணி கிழிச்சுக் குடு. கயிறு அறுந்துபோச்சு.”

“எதுக்குங்க?”

“நம்ம பேராசிரியர் குடுத்த டப்பாவைக் கட்டத்தான். தினம் பத்தாயிரம் அடி நடக்கணுமாம். எனக்கு மூச்சு வாங்குது, மெஷினுக்கு வாங்கல. அதுவே நடக்கட்டும்.”

அவள் சிரித்துக்கொண்டே பழைய தலையணை உறையின் நீலக் கரையைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் அதை விரலில் சுற்றிக்கொண்டு ஆலைக்குப் போனான். பொறியின் முன்புறத்தே இடமும் வலமுமாய் ஓயாது ஆடும் சட்டத்தில் அடியெண்ணியை அந்நீலத் துணியால் இறுகக் கட்டினான், பொறியை ஓடவிட்டான், நண்பகலுக்கு முன் பஞ்சு மூட்டையொன்றின்மேல் சற்று அமர்ந்தான், உணவுச் சங்கு ஊதியபோது எழவில்லை.

படிப்பவரே, அவ்வடியெண்ணியை அவனுக்களித்த அறிஞரை இனி நீங்கள் அறிதல் வேண்டும். மக்கள் நலவாழ்வைக் கற்பிக்கும் பேராசிரியர் அவர். முப்பது ஆண்டுகளில் அவர் நலம்பெறச் செய்யாத ஊரில்லை, தாளில். குழாயில் நீர் வராத குடியிருப்புக்குச் சென்று, கைகழுவும் முறையைப் படம் வரைந்து விளக்கி, ஒட்டிய சுவரொட்டிகளின் தொகையையே பெருகிய நலத்தின் அளவாக எழுதி, முதற் பரிசு பெற்றார். பன்னிரண்டு மணிநேரம் குனிந்து துணி தைக்கும் பெண்களிடம் முதுகை நிமிர்த்தி அமர்வதன் நன்மையை எடுத்துரைத்து, ‘கேட்டீர்களா?’ என்று வினவி, ‘கேட்டோம்’ என்றவர்களை எண்ணிக்காட்டித் துறைத்தலைமை பெற்றார். ‘படியேறுக, நலம் பெறுக’ என்று தாம் எழுதிய பலகையை மின்தூக்கியின் கதவிலேயே மாட்டி, அம்மின்தூக்கியிலேயே நாள்தோறும் மேலேறிச் செல்பவர்.

அத்தகையவரை ஆலை முதலாளி அழைத்ததில் வியப்பில்லை. சிக்கெடுக்கும் கூடத்தின் தூசியிழுக்கும் விசிறி நான்கு ஆண்டுகளாய்ச் செத்துக் கிடந்தது. அதைச் செப்பனிட ஒரு திங்கள் கூடத்தை நிறுத்தவேண்டும். அறுபது பேர்க்கு அறுபது அடியெண்ணிகளை வழங்கவோ ஒரு நொடியும் நிறுத்தவேண்டியதில்லை. அடியெண்ணிகள் தம் தொகையைக் காற்றுவழியே தாமே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின. திங்கள்தோறும் ஒருமுறை தொழிலாளர் குழலொன்றில் ஊத, அவர்தம் மூச்சின் வலிமையும் பச்சை அட்டைக் குறிப்பேட்டில் பதிவாயிற்று. நெட்டையனின் மூச்சு மூன்றாண்டுகளில் நானூற்றெண்பதிலிருந்து இருநூற்றுப்பத்துக்கு, கிணற்றில் இறங்கும் வாளிபோல் இறங்கியது. பேராசிரியர் அதைக் காணாமலில்லை. ஆனால் அடிகள் ஏறின. ஏறுவதைப் பற்றிப் பேசுவோர்க்கே மேடைகள் கிடைத்தன.

நெட்டையன் இறந்த நான்காம் திங்களில் அவன் பெயருக்கே ஒரு மடல் வந்தது. ஆலையின் முதல் நடையாளராக அவன் தேர்வுபெற்றிருப்பதாகவும், பரிசைப் பெற நேரில் வருமாறும் அதில் கண்டிருந்தது. அவன் மனைவி அம்மடலை இருமுறை படித்தாள். பின்னர், கணவனின் பொறியிலேயே அப்போது நின்றுகொண்டிருந்தவனும், புதிதாய் இருமத் தொடங்கியிருந்தவனுமான தன் தம்பியை அழைத்துக்கொண்டு பல்கலைக்கழகம் சென்றாள்.

நான்காம் மாடியில், மெத்தை தைத்த நாற்காலியில் பேராசிரியர் அமர்ந்திருந்தார்.

“வாங்கம்மா. அவர் வரலையா?”

“அவர் போய் நாலு மாசமாச்சு ஐயா. நீங்க அனுப்பின கணக்குல மட்டும் இன்னும் நடந்துட்டிருக்காரு.”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் தொடர்ந்தாள்.

“எனக்குப் பரிசு வேணாம். அந்தப் பச்சை நோட்டுல இருக்குற மூச்சுக் கணக்கை அப்படியே எழுதி, விசிறியைச் சரிபண்ணணும்னு ஒரு வரி போட்டு ஆலைக்கு அனுப்புங்க. இவன் அங்கதான் நிக்கிறான்.”

“உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா மூச்சு அளவு இந்த ஆய்வோட நோக்கத்துல வராது. விசிறி பத்தி எழுதினா ஆலைக் கதவு எனக்கு மூடிடும். அப்புறம் நான் யாருக்கு நல்லது பண்ண முடியும்?”

“இப்ப யாருக்குப் பண்றீங்க?”

பேராசிரியர் எழுதுகோலை எடுத்தார். “ஒண்ணு செய்யறேன். அவரை ‘ஆய்விலிருந்து விலகியவர்’னு போட்டுடறேன். பட்டியல் சரியாயிடும்.”

“விலகல சார், செத்துட்டாரு,” என்றான் தம்பி.

“எங்க படிவத்துல ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான்பா.”

“அப்ப மெஷினுக்கு எந்தக் கட்டம் சார்? அறுபது டப்பாவுல நாப்பது மெஷின்லதான் தொங்குது. மாமாவோடது ஒரு நாள் லீவு போடாம நடக்குது. பரிசை அதுக்கே குடுத்துடுங்க, மேடையேத்த மட்டும் நாலு ஆள் வேணும்.”

பேராசிரியர் எழுந்தார். கதவைச் சாத்தினார். ஓர் உயிரின் இழப்பு அசைக்காத அவர் முகத்தை அச்செய்தி அசைத்துவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இது வேற யாருக்காவது தெரியுமா?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காறி உமிழத் தோன்றியதை விழுங்கிக்கொண்டு வெளியேறினாள். மின்தூக்கியில் ஏறாமல் இருவரும் படிவழியே இறங்கினர். எண்பத்துநான்கு படிகள், இறங்குமுகம்தான், ஆயினும் தம்பி மூன்று இடங்களில் கைப்பிடியைப் பற்றி நின்றான். அப்பெருங்கட்டடத்தில் ஒரு மனிதனின் அடிகளை அன்று உண்மையாய் எண்ணியவள் அவள் ஒருத்தியே.

“நாளைக்கு நீ அங்க போகாத.”

“வேற என்ன வேலை செய்யறது அக்கா?”

“கொஞ்ச நாள் சும்மா மூச்சு விடு. அதுவும் வேலைதான்.”

அவன் போகவில்லை. ஆண்டிறுதியில் ஆய்வு நூல் வெளியாயிற்று. இறந்தவனும், இருமி விலகியவனும், அவர்களைப்போல் மேலும் பதினொருவரும் ஒரே கட்டத்துள் ஒருவர்மேல் ஒருவராய் அடுக்கப்பட, எஞ்சியோர் நலம் முன்னினும் சிறந்திருப்பதாய் அந்நூல் நிறுவியது. நலிந்தவரை நீக்கிவிட்டு எண்ணினால் எக்கூடமும் நலமுடையதே. அதைக் கண்டறிய முப்பது ஆண்டுக் கல்வி வேண்டியிருந்தது. நாற்பது பொறிகள் நடந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பேராசிரியர் மேலும் ஏழு ஆலைகளுக்கு அறிவுரைஞரானார்.

சிக்கெடுக்கும் கூடத்தில் விசிறி அசையாது நிற்கிறது. அதன் கீழே பொறியின் சட்டம் இடமும் வலமுமாய் ஆடுகிறது. எவர் பெயரிலும் இல்லாத அடியெண்ணி அதில் தொங்கியபடி எண்ணிக்கொண்டிருக்கிறது. நீலத் துணியில் அவன் இட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை.